பிறந்த நட்சத்திரத்தை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது எப்படி

என் நட்சத்திரம் கேட்டை. நாற்பத்தாறு வயது வரை அதை நான் பார்த்ததே கிடையாது. பெயர் மட்டும் நன்றாகத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இரண்டு வரன்கள் தட்டிப் போயின. கேட்டைக்காரி வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாதாம். கடைசியில் அமைந்தவருக்கு அண்ணனே இல்லை. பொருத்தம் பார்த்தவர் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார்.

மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 2025 பொங்கலுக்கு வந்த ரவிக்கைகளை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு ராத்திரி, முதுகு வலி தாங்காமல் மாடியில் பாயை விரித்துப் படுத்தேன். அப்படித் தொடங்கிய பழக்கம் இது. டெலஸ்கோப் எதுவும் வாங்கவில்லை. உங்களுக்கும் தேவைப்படாது.

தொடங்க நல்ல காலம் தை முதல் சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வானம் மூடியே கிடக்கும். மாடியில் தெருவிளக்கு கண்ணில் அடிக்காத இடமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம். அப்புறம் ஒரு இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் போனை எடுத்துப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து இருபது நிமிடம். வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

அளப்பதற்கு என் கழுத்தில் தொங்கும் டேப் அங்கே உதவாது. கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். வானத்தில் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, சுண்டு விரலின் அகலம் 1 டிகிரி. மதுரையில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து சரியாக ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கும். ஊர் எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ அத்தனை டிகிரி உயரம் என்பது கணக்கு. புழுதியிலும் விளக்கு வெளிச்சத்திலும் எங்களுக்கு அது பாதி நாள் தெரிவதில்லை.

முதலில் பிடிக்க வேண்டியது மூன்று நட்சத்திரங்களை. தை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, வரிசையாகப் பட்டன் தைத்த மாதிரி இருக்கும். வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடைவார் என்பார்கள். அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் நட்சத்திரங்களிலேயே பிரகாசமான சிரியஸ். வடமேற்கே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, அதையும் தாண்டிப் போனால் கொத்தாகக் கார்த்திகை. ஆறு கார்த்திகைப் பெண்கள் என்பது கதை. எங்கள் மாடியில் எனக்கு நான்குதான் எண்ண முடிகிறது. என் மகள் ஆறு என்று சாதிக்கிறாள். இடைவாருக்கு வடக்கே சிவப்பாக நிற்பது திருவாதிரை. ஒரே ராத்திரியில் மூன்று பேருடைய நட்சத்திரம் கிடைத்துவிடும்.

உங்களுடையது அந்த மூன்றில் இல்லையென்றால் தினசரிக் காலண்டரை எடுங்கள். அதில் போட்டிருக்கும் ‘இன்றைய நட்சத்திரம்’, நிலா அன்றைக்கு வானத்தில் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. நிலா ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வர 27 நாளும் சொச்சமும் ஆகிறது, நட்சத்திரமும் 27. இத்தனை வருடம் அந்தத் தாளை நல்ல நேரத்துக்காக மட்டுமே கிழித்திருக்கிறேன். மகம் என்று போட்டிருக்கும் ராத்திரி நிலாவைப் பாருங்கள், பக்கத்தில் பிரகாசமாக இருப்பது மகம். சித்திரைக்கும் கேட்டைக்கும் இது நன்றாகப் பலிக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேண்டாம், வெளிச்சத்தில் மற்றதெல்லாம் மங்கிவிடும். சுவாதிக்கும் திருவோணத்துக்கும் இந்த வித்தை எடுபடாது, இரண்டும் நிலா போகும் பாதைக்கு வெகு வடக்கே இருக்கின்றன.

இந்த வித்தையில் முதல் தடவையே நான் ஏமாந்தேன். அந்தத் தைக் கடைசியில் காலண்டரில் ரோகிணி. நிலாவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒன்று. அதுதான் ரோகிணி என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையான ரோகிணி கொஞ்சம் தள்ளி, மங்கலாக, அது பாட்டுக்கு இருந்தது. நான் பார்த்தது வியாழன். குரு ரோகிணியில் இருக்கிறார் என்று வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே போட்டிருந்தது. அதையும் மாடிக்குப் போகுமுன் படித்திருந்தேன்! நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காமல் நிலையாக எரியும். இதை மறக்காதீர்கள்.

அந்தத் தப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, துணியில். பார்த்ததை எல்லாம் ஒரு மீட்டர் கறுப்புப் பாப்ளினில் எம்பிராய்டரி போடுகிறேன். முதல் நாள் பார்த்துவிட்டுக் கீழே வந்து, அளவு நோட்டின் பின்பக்கத்தில் ஞாபகத்திலிருந்து வரைவேன். கண்டிப்பாகத் தப்பாக இருக்கும். மறுநாள் மேலே போய்த் திருத்துவேன். மூன்று ராத்திரி ஒத்துப்போனால்தான் சாக்பீஸ், அதற்குப் பிறகு ஊசி. வானத்தில் ஒரு முட்டி, துணியில் இரண்டு இஞ்ச். நட்சத்திரத்துக்குப் பிரெஞ்சு நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு: பிரகாசமானதற்கு ஊசியில் மூன்று சுற்று, மங்கலானதற்கு ஒன்று. ஆறு இழை நூலில் இரண்டு இழை பிரித்தால் போதும்.

என் கண்ணால் பார்க்காத எதையும் துணியில் வைப்பதில்லை. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட ஆப் போனில் இருக்கிறது, ரொம்ப நல்லது, ஆனால் வரைந்து முடித்த பிறகுதான் திறப்பேன். முதலிலேயே திறந்தால் படத்தைத்தான் வானத்தில் தேடுவோம். உங்களுக்குத் தையல் வராதென்றால் நோட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வரையாமல் மட்டும் இருக்காதீர்கள். கை ஒரு தடவை போட்டுப் பார்த்த புள்ளிகள்தான் மறுநாள் சட்டென்று கண்ணில் படுகின்றன.

வியாழனுக்கு மூன்று சுற்று நாட் போட்டிருந்தேன். அடுத்த தையில் பார்த்தால் அது அங்கே இல்லை, புனர்பூசத்துக்குப் போயிருந்தது. பிரிக்க மனசு வரவில்லை. ஒரு சுற்று வர அதற்குச் சுமார் 12 வருடம். நூல் சாயம் போவதற்குள் வந்துவிடும்.

சித்திரை மாதம் வடக்கே சப்தரிஷி மண்டலம்: நான்கு நட்சத்திரம் கட்டமாக, மூன்று வாலாக. வால் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அவரை ஒட்டிப் பொடியாக அருந்ததி. எங்கள் கல்யாணத்தில் காலைப் பத்து மணி வெயிலில் ஐயர் கையை நீட்டி, தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றோம். இப்போது வீட்டுக்காரரை மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு நீ நிஜமாவே பார்த்தியா?” என்று கேட்டார். அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. சுவாதியின் ஒளி இங்கே வர சுமார் 37 வருடம். நான் முதன்முதலாக அம்மாவின் மிஷினில் ஊசியை உடைத்த சமயத்தில் அது கிளம்பியிருக்கும்.

கேட்டைக்கு ஆனி வரை காத்திருந்தேன். சித்திரையிலேயே பார்க்கலாம், ஆனால் பதினொரு மணிக்கு மேல் தென்கிழக்கே. ஒரு நட்சத்திரம் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதால், ஆனியில் ஒன்பது மணிக்கெல்லாம் தெற்கே நன்றாக ஏறி நிற்கிறது. நம் ஊரிலிருந்து தேள் வடிவ நட்சத்திரக் கூட்டம் முழுசாகத் தெரியும். தலைப்பக்கம் அனுஷம், நெஞ்சில் கேட்டை, கொடுக்கில் மூலம். மூலத்து ஆட்களுக்கும் வரன் பார்க்கிற இடத்தில் நல்ல பெயர் இல்லை, அது மாமனாருக்கு ஆகாதாம். இரண்டும் ஒரே தேளில். கேட்டை செங்கல் நிறத்தில் இருந்தது. என்னிடம் இருந்த சிவப்பு நூல் எதுவும் ஒத்து வராமல், ஒரு இழை ஆரஞ்சும் ஒரு இழை அரக்கும் சேர்த்துக் கோத்தேன்.

துணியைக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் சுடிதார் அளவு கொடுக்க வந்த பெண், “ஆயில்யம் எங்கக்கா?” என்று கேட்டது. மகத்துக்கும் பூசத்துக்கும் நடுவே, கொஞ்சம் தெற்கே ஒரு சின்னக் கொத்து, பங்குனியில் ஒன்பது மணிக்கு உயரத்தில் இருக்கும் என்றேன். எல்லாமே மங்கல், எங்கள் மாடிக்குத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்காரரின் தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தைத் துணியில் காலியாக விட்டிருக்கிறேன்.