திக்கும் சொல்லிலிருந்து தளர்வாக வெளியே வருவது

பெரியவர்களுக்கான பயிற்சியில் திக்கலை அடியோடு ஒழிப்பது பெரும்பாலும் இலக்கல்ல. முட்டி மோதாமல் எளிதாகத் திக்கப் பழகுவதே இலக்கு. அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் சார்ல்ஸ் வான் ரைப்பர் வகுத்த வழி இது. அவருக்கும் திக்கல் இருந்தது.

முதலில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். போனில் பேசும்போது உங்களையே வீடியோ எடுங்கள். 'பழனி'யில் உதடா, 'கணேசன்' என்னும்போது அடிநாக்கா, 'அண்ணா'வில் தொண்டையா?

அடுத்து, திக்கிய சொல்லை முடித்துவிட்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். இறுகிய இடத்தைத் தளர்த்தி, அதே சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். கூச்சத்தில் பலர் இந்த இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். அப்போது பழைய இறுக்கத்தோடேயே சொல் மறுபடி வரும்.

இது பழகியபின், திக்கலின் நடுவிலேயே தளர்த்துங்கள். பின்வாங்கி மறுபடி தொடங்காதீர்கள். 'பழனி'யில் திக்கினால், உதட்டின் அழுத்தத்தைக் குறைத்து, காற்றைக் கசியவிட்டு, 'ப'வின் அகரத்தை நீட்டி 'ழ'வுக்கு நகருங்கள்.

பேசுமுன் மூச்சை இழுத்து அடக்காதீர்கள், குரல்நாண் மூடிக்கொள்ளும்.

சொல்லை மாற்றுவதுதான் பெரிய தடை. 'தோசை' வராதென்று இட்லி கேட்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் தோசை மேலுள்ள பயம் வளரும். திக்கினாலும் தோசையே கேளுங்கள்.

தினமும் பத்து நிமிடம் தனியாக, பிறகு வீட்டாரிடம், பிறகு கடையில். போன் பலருக்கும் கடினம், அதைக் கடைசியில் வையுங்கள். எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள்.