பராமரிப்பு நிலையம் தொடங்கும் முன்

கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். சிங்கப்பூரில் 7 வயதுக்குட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்கு ஈசிடிஏ (பாலர் பராமரிப்பு நிலையங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) உரிமம் வேண்டும். அந்த இடம் பொருந்துமா என்று முதலில் அந்த அமைப்பிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சம்பளக் கணக்கு. 18 மாதத்துக்குட்பட்ட 5 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். பத்துக் குழந்தைகள் என்றால் இரண்டு பேர். ஒருவர் காய்ச்சலில் படுத்தால்? மாற்று ஆளின் சம்பளத்தையும் இப்போதே எழுதிவையுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

உரிமம் இருந்தால்தான் பெற்றோருக்கும் மானியம். வேலை பார்க்கும் தாயின் குடியுரிமைப் பிள்ளைக்கு முழுநாள் பராமரிப்பில் அடிப்படை மானியம் மாதம் 300 வெள்ளி, கைக்குழந்தைக்கு 600. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. சேர்க்கையன்றே தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.