ஏற்காட்டு ஈரத்தைத் தாங்கும் இரும்பு: கிரில், கேட், ரெய்லிங்குக்கு சிங்க் பூச்சு போடும் முறை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தால் இரும்பின் கதையே மாறிவிடும். கீழே சேலத்தில் நாலைந்து வருஷம் தாங்குகிற அதே ரெட் ஆக்சைடு, அதே எனாமல், மேலே ஒரே மழைக்காலத்தில் கொப்புளித்து உரிகிறது. மழை மட்டும் காரணம் இல்லை. மழை நின்ற பிறகும் பனிமூட்டம் வந்து இரும்பில் படிகிறது. சில்வர் ஓக் மரத்தடியில் இருக்கும் ரெய்லிங்கில் நண்பகல் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். இரும்பு எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறதோ, துரு அத்தனை மணி நேரம் வேலை செய்யும்.

சாதாரண பெயிண்ட் ஒரு மூடிதான். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவிவிடும். சிங்க், அதாவது துத்தநாகம், வேறு வழியில் காக்கிறது. இரும்பைவிட அது எளிதில் அரிக்கப்படும் உலோகம். மின்வேதியியல் கணக்கில் துத்தநாகத்தின் மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. இந்த எண் எவ்வளவு கீழே இருக்கிறதோ, உலோகம் அவ்வளவு எளிதில் கரையும். இரண்டும் ஒட்டியிருந்து நடுவில் ஈரமும் இருந்தால், தம்பிக்கு விழும் அடியை அண்ணன் வாங்கிக்கொள்வது போல, துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். சின்னக் கீறல் விழுந்தால்கூட அந்த இடத்து இரும்பு துருப்பிடிக்காது.

இதில் கவனிக்க வேண்டியது 'ஒட்டியிருந்து' என்ற சொல். துத்தநாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் இந்தப் பாதுகாப்பு. நடுவில் துரு, பழைய பெயிண்ட், பட்டி, எண்ணெய் என்று எது இருந்தாலும் நீங்கள் வாங்கிய விலை உயர்ந்த சிங்க் பெயிண்ட் வெறும் சாம்பல் நிறப் பெயிண்டாகிவிடும். கீழே வரும் வேலைகளில் முக்கால்வாசி சுத்தம் செய்வதாகவே இருப்பது அதனால்தான்.

எந்தப் பூச்சு யாருக்கு?

புதிதாக கேட், ரெய்லிங் செய்கிறீர்கள் என்றால் ஹாட் டிப் கால்வனைசிங் செய்யுங்கள். செய்து முடித்த பொருளை சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புக்கு ஐஎஸ் 4759 என்ற இந்தியத் தரப்படி சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும். அது ஏறக்குறைய 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பு. மிதமான அரிப்புள்ள இடங்களில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும் என்று ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரம் வகைப்படுத்துகிறது. மோசமான பக்கமே எடுத்துக்கொண்டாலும் 40 வருஷம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பைப்பில் செய்த கேட் என்றால், தொட்டிக்கு அனுப்பும் முன்பே வெல்டிங்காரரிடம் சொல்லி ஒவ்வொரு பைப்பிலும் காற்றுப்போக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். மூடிய பைப்புக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் அந்தச் சூட்டில் வெடிக்கும்.

கூரைக்கு ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வாங்கினால் கேட்க வேண்டியது ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்பது. 275 ஜிஎஸ்எம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம், அதாவது பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான். 120 ஜிஎஸ்எம் ஷீட்டில் 8 மைக்ரான்தான் இருக்கும். கடையில் இரண்டும் ஒன்றுபோலப் பளபளக்கும். ஆயுளில் பாதிகூட வராது.

ஏற்கனவே சுவரில் பதித்த கிரில், ரெய்லிங்கைக் கழற்றித் தொட்டிக்கு அனுப்ப முடியாது. அவற்றுக்குத்தான் சிங்க் ரிச் பெயிண்ட், அதாவது துத்தநாகத் தூள் நிறைந்த பெயிண்ட். சிலர் இதை 'கோல்டு கால்வனைசிங்' என்பார்கள். இனி வரும் படிகள் அதைப் பற்றியவை.

படி 1: சரியான டப்பாவை வாங்குங்கள்

'சில்வர் பெயிண்ட்' என்று விற்பது அலுமினியம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் துத்தநாகம் செய்யும் வேலையை அது செய்யாது. டப்பாவில் காய்ந்த படலத்தில் எத்தனை சதவீதம் சிங்க் என்று எழுதியிருக்கும். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேண்டாம், 90க்கு மேல் இருந்தால் நல்லது. கையில் தூக்கியும் பார்க்கலாம். எனாமல் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். நல்ல சிங்க் ரிச் பெயிண்ட் ஒரு லிட்டர் இரண்டரைக் கிலோவைத் தாண்டும்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு ஒரே டப்பாவில் வரும் வகை போதும். இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி (கலந்ததும் இறுகும் பிசின்) சிங்க் இன்னும் உறுதியானது, ஆனால் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும்.

படி 2: நேரம் பாருங்கள்

ஏற்காட்டில் மாசி, பங்குனி மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. அப்போதும் காலையில் ஆரம்பிக்காதீர்கள். பனி வடிந்து, வெயில் பட்டு, 11 மணிக்கு மேல் தொடங்கி 3 மணிக்குள் முடியுங்கள். சேலத்தில் கோடைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: மதியம் கை வைக்க முடியாத அளவுக்கு கேட் கொதிக்கும், பெயிண்ட் பரவும் முன்பே தின்னர் பறந்து பூச்சு மணல் போல நிற்கும். அங்கே காலை 10 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஈரத் துணியால் இரும்பில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் அடிக்கலாம். காயாவிட்டால் அன்றைக்கு வேண்டாம்.

படி 3: சுத்தம்

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்கி, நன்றாகக் காய விடுங்கள். எண்ணெயோடு தேய்த்தால் அது இரும்பு முழுக்கப் பரவும்.

அடுத்தது பழைய பெயிண்ட். ஏற்காட்டில் பழைய பங்களாக்கள் நிறைய உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் வைக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் தகடால் வழித்து எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

பிறகு துரு. கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டித் தேய்த்து, கைக்கு எட்டாத மூலைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் 80ஆம் நம்பர் உப்புத்தாள் போடுங்கள். இரும்பு வெள்ளையாக மின்ன வேண்டும், ஆனால் வழுவழுப்பாக இருக்கக் கூடாது. லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பூச்சு பிடிக்கும். வசதி இருந்தால் மணல் பிளாஸ்டிங் செய்வது எல்லாவற்றிலும் சிறந்தது. 'துருவின் மேலேயே தடவலாம்' என்று விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டரை இங்கே தொடாதீர்கள். அது உண்டாக்கும் படலம் துத்தநாகத்தை இரும்பைத் தொட விடாது.

படி 4: கம்பத்தின் அடி

இதற்குத் தனிப்படி கொடுக்கக் காரணம், ரெய்லிங் சாவது இங்கேதான். கம்பம் கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி, அதில் பாசி, பெயிண்டின் ஓரத்தில் காபி நிறத்தில் ஒரு வளையம். மேலே வழியும் தண்ணீர் எல்லாம் அந்த இடைவெளியில்தான் தேங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால், நாளடைவில் கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

உளியால் கம்பத்தைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்தி எடுங்கள். உள்ளே இருக்கும் இரும்பையும் தேய்த்துச் சுத்தம் செய்து இரண்டு கோட் சிங்க் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பள்ளத்தை பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டால் அடையுங்கள். மேல்பரப்பு கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். தேய்க்கும்போது கம்பி பிரஷ் உள்ளே போய்விட்டால், அதாவது பைப் ஓட்டையாகிவிட்டிருந்தால், எந்தப் பூச்சும் உதவாது. அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள்.

படி 5: பூசுதல்

சுத்தம் செய்த அன்றே பூசுங்கள். மலையில் ஓர் இரவு விட்டால் மறுநாள் காலையில் மஞ்சள் துரு வந்திருக்கும்.

துத்தநாகத் தூள் கனமானது, டப்பாவின் அடியில் கெட்டியாகப் படியும். அடிவரை குச்சி விட்டுக் கலக்குங்கள், வேலையின் நடுவிலும் அடிக்கடி கலக்குங்கள். கலக்காமல் அடித்தால் முதல் பாதியில் வெறும் பசையும் கடைசியில் வெறும் தூளும்தான் வரும். தின்னரை டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

முதலில் வெல்டிங் ஓரங்கள், கூர்முனைகள், போல்ட் தலைகளுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு கோட். பெயிண்ட் முனையிலிருந்து விலகி மெலிந்துவிடும் என்பதால் அங்கே கூடுதல் தடிப்பு தேவை. பிறகு முழுவதும் இரண்டு கோட், காய்ந்தபின் மொத்தம் 80 மைக்ரான் அளவுக்கு.

படி 6: மேல் பூச்சு

துத்தநாகம் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து இருந்தால் தன் மேல் ஒரு கார்பனேட் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதுதான் அதன் கவசம். நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் மரநிழலில் அந்தப் படலம் உருவாகாமல் வெள்ளைப் பொடியாகக் கரையும். அதனால் சேலத்தில் சிங்க்கை அப்படியே விட்டாலும் பரவாயில்லை, ஏற்காட்டில் மேல் பூச்சு கட்டாயம். எபாக்சி பிரைமர் ஒரு கோட், அதன் மேல் பியூ பெயிண்ட். வீட்டில் மிஞ்சிய சாதா எனாமலை நேராக அடித்தால் அதிலுள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போல ஆகி, தகடு தகடாக உரியும். ஜிஐ ஷீட்டுக்கும் இதே கதிதான்.

வெல்டிங் வைத்தால்

சிங்க் பூசிய இரும்பில் பின்னால் வெல்டிங் வைக்க நேர்ந்தால், அந்த இடத்துப் பூச்சை முதலில் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். திறந்த வெளியில், தகுந்த முகமூடியோடுதான் அந்த வேலை. முடிந்ததும் கரி நீக்கி, தேய்த்து, அதே சிங்க் பெயிண்ட் இரண்டு கோட்.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தை மாதத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் துத்தநாகம் இன்னும் வேலை செய்கிறது. நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மேல் பூச்சு கொடுத்தால் போதும். செம்பழுப்பு தெரிந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்கு மட்டும் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.