கர்ப்ப காலத்தில் வீட்டுப் பூனையோடு பாதுகாப்பாக இருப்பது எப்படி?

நான் கருவுற்றிருப்பது உறுதியான அன்று, தோட்டத்து வீட்டில் என் மாமியார் சொன்ன முதல் யோசனை, "பூனையச் சாக்குல கட்டி வாய்க்காலுக்கு அக்கட்ட உட்டுப்போட்டு வரச் சொல்லு அம்மிணி" என்பதுதான். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஆபத்து, அவர் நினைத்தது போலப் பூனையின் முடியில் இல்லை, அதன் மலத்தில் இருக்கிறது.

டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி எலி, பறவை, பச்சை இறைச்சி வழியாகப் பூனைக்குள் சென்றால், முதல் தொற்றின்போது ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அதன் முட்டை போன்ற உறைகள் மலத்தில் வெளியேறும். அவை வெளியேறியவுடன் தொற்றுவதில்லை. முதிர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாகத் தொற்றினால், கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.

முதலில், வீட்டில் பூனை இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவையென்று அவர் கருதினால், இந்தத் தொற்று உண்டா என்று பார்க்கும் ஐஜிஜி, ஐஜிஎம் என்னும் இரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார்.

அடுத்து, பூனை மலம் கழிக்க வீட்டில் வைத்திருக்கும் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையைக் கணவரிடமோ வீட்டில் வேறொருவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். அவர் அதைத் தினமும் தவறாமல் அள்ள வேண்டும், ஏனெனில் முதிர்வதற்கு முன்பே அகற்றிவிடுவதில்தான் இதன் பயனே இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் இந்த உறைகளைக் கொல்லாது என்பதால், தொட்டியைக் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவுவதே சரி. அள்ளியதை எருக்குழியில் கொட்டினால் அது ஒருநாள் காய்கறிப் பாத்திக்கே வந்து சேரும். பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். வேறு ஆளே இல்லாவிட்டால், கையுறை அணிந்து நீங்களே தினமும் அள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவலாம்.

தோட்டங்களில் பூனைக்குத் தொட்டி வைப்பவர்கள் குறைவு. தென்னையடி மண்ணும், கட்டட வேலைக்குக் கொட்டி வைத்த மணலும்தான் அதற்குக் கழிப்பிடம். ஈர மண்ணில் அந்த உறைகள் மாதக்கணக்கில் உயிர்வாழும். ஆகவே மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், களை எடுக்கையில் கையுறை அணியுங்கள். மழைக்குப் பின் காட்டில் பறித்து வரும் பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் வேரோடு ஒட்டிய மண் போகும்வரை மூன்று, நான்கு தண்ணீரில் அலசிய பிறகே அரியுங்கள். கிணற்று நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

பூனையைவிட நான் அதிகம் கவலைப்பட்டது கறியைப் பற்றித்தான், ஏனெனில் அரைவேக்காட்டு இறைச்சி வழியாகவும் இதே ஒட்டுண்ணி வரும். கர்ப்பிணிக்கு இரத்தம் ஊறட்டும் என்று சுவரொட்டியை, அதாவது ஆட்டின் மண்ணீரலை, தணலில் வாட்டித் தருவார்கள். மேலே கருகி, உள்ளே சிவந்திருந்தால் அதை வாங்கிச் சாப்பிடாதீர்கள், குழம்பில் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். கொதிக்கத் தொடங்கியதும் உப்புப் பார்க்க ஒரு துண்டை வாயில் போடும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். கறி அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரியக் கூடாது.

பூனைக்கும் இதே விதிதான். கோழிக் கழிவைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்த சோறும் கறியும் கொடுங்கள். எலி பிடிக்கப் போகாதபடி இரவில் உள்ளே கட்டுப்படுத்துங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். புதிதாகக் குட்டி எடுத்து வளர்க்க இது நேரமல்ல.

கீறிவிட்டாலோ கடித்துவிட்டாலோ, மஞ்சள் வைத்துக் கட்டாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

மடியில் வந்து படுத்தால் தாராளமாகத் தடவிக் கொடுங்கள். சோற்றில் கை வைப்பதற்கு முன் அந்தக் கையைக் கழுவிக்கொண்டால் போதும்.