வேண்டாத கியூபச் சுருட்டுகளை லண்டனில் விற்ற கதை

மாமனார் விட்டுப்போன கியூபச் சுருட்டுப் பெட்டிகள் லண்டன் வீட்டில் கிடந்தன, புகைக்க ஆளில்லை. இணையச் சந்தைகளில் போட்டால் புகையிலை கூடாதென்று விளம்பரத்தையே தூக்கிவிடுகிறார்கள், கடைக்காரர்களோ தனியாளிடம் வாங்க மாட்டோம் என்றார்கள். சரி என்று ஒரு ஏலக்கூடத்துக்கு மூடியைப் படமெடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை.

விஷயம் பெட்டியின் அடியில் இருக்கிறது. தொழிற்சாலைக் குறியீடும், பெட்டியில் அடைத்த மாதத்தின் ஸ்பானியச் சுருக்கமும் ஆண்டும் அங்கே மையில் குத்தியிருக்கும் (ஜனவரிக்கு 'எனெ'). அதோடு, புதிய பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பச்சை முத்திரைத்தாளின் பார்கோடு எண்ணை கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் தளத்திலேயே போட்டு அசலா என்று பார்க்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. அடிப்பக்கம், முத்திரை, திறந்த பெட்டி மூன்றையும் அனுப்பியதும் மதிப்பீடு வந்துவிட்டது. விற்கும்வரை சுருட்டு காய்ந்துவிடாமல் மூடிய டப்பாவில் ஈரப்பதப் பொட்டலம் போட்டு 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தேன். கமிஷன் போகக் கணிசமான தொகை கைக்கு வந்தது, பெரிய நிம்மதி.