ஒரே அருவியை வருடம் முழுக்கப் படமெடுப்பது எப்படி?

கேமராவை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறீர்களா? புதுப் புது அருவிகளைத் தேடிப் போவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடிக்கடி போய்வர முடிகிற ஓர் அருவியைத் தேர்ந்தெடுத்து, மழையிலும் வெயிலிலும் அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். நிற்கிற இடம் அப்படியே இருக்க, தண்ணீரும் வெளிச்சமும் மட்டும் மாறும்போதுதான் எந்தச் சூழலுக்கு எந்த அமைப்பு என்பது சட்டென்று பிடிபடும்.

படி 1: தண்ணீர் குறைவாக இருக்கும்போது முதலில் போங்கள்

பாறைகள் வெளியே தெரியும் நாளில்தான் எங்கே பள்ளம், எங்கே வழுக்கல், எங்கே உறுதியாக நிற்கலாம் என்று பார்த்து வைக்க முடியும். ஓரத்து மரங்களின் வேர்களையும் தாழ்ந்த கிளைகளையும் கவனியுங்கள். காய்ந்த சருகும் குச்சியும் ஓர் உயரத்தில் வரிசையாகச் சிக்கியிருக்கும். முன்பு வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்துக்கான இடத்தை அந்தக் கோட்டுக்கு மேலேயே தேர்ந்தெடுங்கள்.

படி 2: நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாறை இடுக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் போனின் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும், அதை மட்டும் நம்ப முடியாது. பக்கத்தில் ஒரு பாறை முனை, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு வெடிப்போ மரமோ, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி நில்லுங்கள். இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்தாலே கோடு கலைந்துவிடும். இப்படி இரண்டு ஜோடிகளைக் குறித்தால் அடுத்த முறை அதே இடத்துக்கு வந்துவிடலாம். பழைய படத்தை போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ரைபாட் உயரம், லென்ஸின் குவியத்தூரம் (மி.மீ. கணக்கில் வரும் ஜூம் அளவு) இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: மாறாத அமைப்புகளை முதலில் முடியுங்கள்

ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 8 முதல் 11 வரை, அழுத்தும்போது கேமரா ஆடாமலிருக்க 2 விநாடி டைமர், ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு). கேமரா ட்ரைபாடில் இருந்தால் லென்ஸின் அதிர்வுக் குறைப்பை அணைத்துவிடுவது நல்லது. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 'டேலைட்' என்று நிறுத்திவிடுங்கள். ஆட்டோ ஒவ்வொரு முறையும் ஒரு நிறம் தரும். அப்புறம் தண்ணீரின் நிறம் உண்மையிலேயே மாறியதா என்று ஒப்பிடவே முடியாது.

படி 4: தண்ணீரைப் பார்த்து ஷட்டர் வேகத்தை முடிவு செய்யுங்கள்

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அருவி என்றாலே 1 விநாடி என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மெலிதாக இறங்கும் கோடைத் தண்ணீருக்கு அது சரி, அரை விநாடி முதல் 2 விநாடி வரை போகலாம். அதே 1 விநாடியைப் பெருமழைக்கு அடுத்த நாள் வைத்தால், உருவமே இல்லாத வெள்ளைப் பட்டைதான் கிடைக்கும். வேகமாக நிறையத் தண்ணீர் விழும்போது 1/8 அல்லது 1/4 விநாடியில் தொடங்குங்கள். துளிகளை உறைய வைக்க 1/500 அல்லது அதற்கும் வேகம் வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். பஞ்சாக மழுங்கிய தண்ணீரைவிட, இழை இழையாகப் பிரிந்து தெரிகிற தண்ணீர்தான் எனக்குப் பிடிக்கும். அதனால் எடுத்த படத்தை உடனே பெரிதாக்கி, தண்ணீர் பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் இழைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பேன்.

வெள்ளை நுரை மிகச் சீக்கிரம் வெளிறிப்போகும். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைத் திரையில் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டினால் ஷட்டர் வேகத்தையோ அப்பெர்ச்சரையோ மாற்றி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இருண்ட பாறையை ரா ஃபைலில் பிறகு மீட்டுக்கொள்ளலாம், வெளிறிய நுரை திரும்பி வராது.

படி 5: ஃபில்டர்

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை வாங்குங்கள். அதை மெல்லத் திருப்பும்போது ஈரப் பாறையின் பளபளப்பு அடங்கி, அடியில் இருக்கும் பாசியின் பச்சை மேலே வருவதைத் திரையிலேயே பார்க்கலாம். வெளிச்சமும் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), மெதுவான ஷட்டருக்கு அதுவும் உதவி. ஆனால் சாரலில் வானவில் இருக்கும்போது கவனம்: திருப்பும் கோணத்தைப் பொறுத்து வானவில் மங்கவும் செய்யும், தெளியவும் செய்யும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, உங்கள் தலையின் நிழலிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி வானவில்லைத் தேடுங்கள்.

வெளிச்சம் அதிகமான இடத்துக்கு 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி) போதும். அது வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும், 1/30 விநாடி 2 விநாடியாகும்.

படி 6: மாறும் வானிலைக்கு ஏற்ப

மேகமூட்டமே நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் நுரைக்கும் பாறை நிழலுக்கும் இடையே வித்தியாசம் அதிகம், ஒரு மேகம் கடக்கும்வரை காத்திருங்கள். காற்றில் இலைகள் ஆடினால் அதே சட்டகத்தில் வேகமான ஷட்டரில் இன்னொரு படம் எடுத்து, பிறகு இரண்டையும் இணையுங்கள். சாரல் லென்ஸை நோக்கி வந்தால் துணியால் மூடி வைத்து, அழுத்தும் நொடியில் மட்டும் திறவுங்கள். ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள்: இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் மலைமேலே மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சிகளும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால், ட்ரைபாடை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். தண்ணீரைக் கடந்து மறுகரைக்குப் போக முயலாதீர்கள்.

படி 7: குறிப்பு எழுதுங்கள்

கடைசியாக மழை பெய்தது எப்போது, எந்த ஷட்டர் வேகம் சரிவந்தது, தண்ணீர் எவ்வளவு உயரம். உயரத்துக்கு ஒரு பாறையை அடையாளமாக வைத்துக்கொண்டு, 'பாதி மூழ்கியிருக்கிறது', 'அடி தெரிகிறது' என்று எழுதினால் போதும். கோப்பின் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். கணினியில் படங்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.