கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலை எப்படிப் படிக்கிறது? கேரக்டர் வகைகள், எழுத்து உத்திகள் - ஆரம்பத்துல இருந்து

விக்டோரியன் நாவல்னாலே (விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல்) நிறைய பேர் முதல்ல கையில எடுக்கிறது நோட்ஸ்தான். ஃப்ளாட் கேரக்டர், ரவுண்ட் கேரக்டர், சிம்பலிசம், ஐரனின்னு ஒரு லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணிட்டு அப்புறம் கதைக்குள்ள போய் அதெல்லாம் எங்க இருக்குன்னு தேடுறாங்க, பாதியிலயே சலிச்சுப் போகுது. நான் சொல்ற வழி இதுக்கு நேர் தலைகீழ். கதையில கண்ணுக்குத் தெரியிற ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு அது பின்னாடியே போங்க, கேரக்டரும் உத்தியும் அங்கேயே கிடைக்கும். சார்லஸ் டிக்கன்ஸோட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இதுக்கு ரொம்ப தோதான நாவல். கதையோட முடிவு வரைக்கும் இதுல பேசப் போறேன், அதனால படிக்காதவங்க முதல்ல ஒரு தடவை கதைக்காக மட்டும் படிச்சுட்டு வாங்க.

ஸ்டெப் 1: ஆளுங்களோட அடையாளத்தைக் குறிச்சு வைங்க

இந்தக் கதை 1860 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1861 ஆகஸ்ட் வரைக்கும் டிக்கன்ஸ் நடத்துன 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழ்ல தொடர்கதையா வந்துச்சு. ஒரு ஆள் நாலு வாரம் கழிச்சு திரும்ப வந்தாலும் வாசகருக்கு டக்குனு ஞாபகம் வரணும்ல, அதுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் உதவும். வக்கீல் ஜாகர்ஸ் ஆள்காட்டி விரலைக் கடிப்பாரு, கட்சிக்காரங்களைப் பாத்து முடிச்சதும் வாசனை சோப்பு போட்டு கை கழுவுவாரு. அவரோட கிளார்க் வெம்மிக்கோட வாய் தபால் பெட்டி ஓட்டை மாதிரி இருக்கும். கல்யாணத்தன்னைக்கு ஏமாத்தப்பட்ட பணக்காரி மிஸ் ஹாவிஷம் பழுத்துப் போன கல்யாண டிரஸ்ல, கால்ல ஒரே ஒரு ஷூவோட உக்காந்திருப்பாங்க, வீட்டுல கடிகாரமெல்லாம் எட்டு நாப்பதுல நின்னு போயிருக்கும். நோட்டுல ஆள் பேரு, பக்கத்துல அடையாளம், அவ்ளோதான்.

ஸ்டெப் 2: யார் ஃப்ளாட், யார் ரவுண்ட்?

இந்த ரெண்டு வகையையும் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927ல தன்னோட விமர்சன நூல்ல விளக்குனாரு. ஒரு ஆளை ஒரே வாக்கியத்துல சொல்லி முடிச்சுட முடிஞ்சா ஃப்ளாட், நம்புற மாதிரியே நம்மள ஆச்சரியப்படுத்துனா ரவுண்ட். ஜோவோட மாமா பம்பிள்சூக் ஃப்ளாட், பிப்புக்குப் பணம் வந்தா குழைவாரு, போனா உபதேசம் பண்ணுவாரு. கதையைச் சொல்ற கதாநாயகன் பிப் ரவுண்ட். ஆனா ஃப்ளாட்னா மட்டம்னு எழுதிடாதீங்க, டிக்கன்ஸோட ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஃப்ளாட், இருந்தும் அதுல மனுஷ ஆழம் தெரியுதேன்னு ஃபார்ஸ்டரே வியந்திருக்காரு. வெம்மிக்கைப் பாருங்க, ஆபீஸ்ல கல்லு மாதிரி இருக்கிற மனுஷன் வால்வொர்த் வீட்டுக்குப் போனா காது கேக்காத வயசான அப்பாவுக்காக தினம் ராத்திரி ஒம்பது மணிக்கு குட்டி பீரங்கி வெடிக்கிறாரு. ரெண்டு ஃப்ளாட் ஆளை ஒரே சட்டைக்குள்ள வச்ச மாதிரி இருக்கும், எனக்கு இந்த நாவல்ல ரொம்பப் புடிச்ச ஆள் இவருதான்.

ஒருத்தரோட குணம் இன்னொருத்தர் பக்கத்துல வச்சா பளிச்சுனு தெரியும், அதுக்குப் பேரு ஃபாயில். மிஸ் ஹாவிஷம் வளத்த கர்வக்காரப் பொண்ணு எஸ்டெல்லா பக்கத்துல அன்பான கிராமத்துப் பொண்ணு பிடி (Biddy), முரடன் டிரம்மிள் பக்கத்துல பிப்போட நல்ல நண்பன் ஹெர்பர்ட். இது ஈஸிதான், இதுக்கு மேல இங்க நிக்க வேண்டாம்.

ஸ்டெப் 3: கதை சொல்ற பிப்பையும் கதைக்குள்ள இருக்கிற பிப்பையும் பிரிங்க

ரெண்டு பேரும் ஒரே ஆள்தான், ஆனா வயசு வேற. 27ஆம் அத்தியாயத்தைத் திறங்க. பிப்பை வளத்த கொல்லர் ஜோ அவனைப் பாக்க லண்டனுக்கு வர்றாரு, தொப்பியை எங்க வைக்கிறதுன்னு தெரியாம கணப்பு மாடத்து ஓரத்துல வைக்க அது விழுந்துகிட்டே இருக்கு, தான் வளத்த பையனையே 'சார்'ங்கிறாரு. இளம் பிப்புக்கு எரிச்சலா வருது. ஆனா இதையெல்லாம் எழுதுற பெரிய பிப், தப்பு தன்கிட்டதான்னு அங்கேயே ஒத்துக்கிறான். இந்த இடைவெளியிலதான் நாவலோட ஐரனி, அதாவது மேல தெரியிறதும் உண்மையும் முரண்படுறது, பாதி இருக்கு, அதனால 'நான்'னு வர்ற இடத்துலயெல்லாம் எந்த வயசு பிப் பேசுறான்னு கேளுங்க.

கிளம்பும்போது ஜோ சொல்றாரு, வாழ்க்கைங்கிறதே நிறைய பிரிவுகளைப் பத்த வச்சு ஒட்டுனதுதான்னு. இது உருவகம்னு மட்டும் எழுதிட்டு நகந்துடாதீங்க, அது அவரோட உலைக்களத்துல இருந்தே வந்த பேச்சு, வேற யார் வாயிலயும் ஒட்டாது. உத்தி எங்க முடியுது, கேரக்டர் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்கவே முடியாத இடம் இது.

ஸ்டெப் 4: கைகளைப் பின்தொடருங்க

ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு 'கை' வர்ற இடமெல்லாம் கோடு போடுங்க. 8ஆம் அத்தியாயத்துல சீட்டு விளையாடும்போது எஸ்டெல்லா, இவன் கை எவ்ளோ முரடா இருக்குன்னு இளக்காரமா சொல்றா. பிப் முற்றத்துல தனியா நின்னு தன் கையைப் பாத்துக்கிறான், அதுவரைக்கும் அவனுக்கு அது ஒரு குறையாவே தெரிஞ்சதில்ல. அவன் வெக்கப்பட ஆரம்பிக்கிறது அந்த நிமிஷம்தான்.

39ஆம் அத்தியாயத்துல புயல் ராத்திரி, சின்ன வயசுல பிப் சோறு குடுத்த கைதி மாக்விட்ச் திரும்பி வந்து, உன்னை ஜென்டில்மேன் ஆக்குன பணம் என்னோடதுன்னு சொல்லி அவனோட ரெண்டு கையையும் புடிச்சு முத்தம் குடுக்கிறான். பிப்புக்கு ரத்தமே உறைஞ்சு போகுது. இப்ப 56க்குப் போங்க, மாக்விட்ச் சாகக் கிடக்கிறான், மறுபடியும் பிப்போட கையை உதட்டுக்குக் கொண்டு போறான், இந்தத் தடவை பிப் கையை இழுத்துக்கல. டிக்கன்ஸ் அதே செய்கையை ரெண்டு தடவை வச்சிருக்காரு, நடுவுல பிப் மாறிட்டான். ரவுண்ட் கேரக்டருக்கு ஆதாரம் கேட்டா நான் இதைத்தான் எழுதுவேன்.

ஜாகர்ஸ் வீட்டு வேலைக்காரி மாலியோட மணிக்கட்டையும் விடாதீங்க. கொலை கேஸ்ல அவளைக் காப்பாத்துறதுக்காக, அந்த பலமான கை மெலிசா தெரியிற மாதிரி டிரஸ் போட வச்சு கோர்ட்ல நிறுத்துனவரு ஜாகர்ஸ். அந்த மாலிக்கும் மாக்விட்சுக்கும் பொறந்தவதான் எஸ்டெல்லா, மாலியோட விரல் அசையிறதைப் பாத்துதான் அவ எஸ்டெல்லாவோட அம்மான்னு பிப் கண்டுபிடிக்கிறான். முரட்டுக் கைன்னு சிரிச்ச பொண்ணோட அம்மா கையே அப்படித்தான். ஐரனிக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தப் புத்தகத்துல கிடையாது.

இதே மாதிரி இரும்பையும் பின்தொடரலாம். பிப் கைதிக்குத் திருடிக் குடுத்த அரம், அதால அறுத்த கால் விலங்கு, பின்னாடி அதே விலங்கால பிப்போட அக்காவுக்கு விழுற அடி. அந்த அரம் மதுக்கடையில ஒரு அந்நியன் கையில ரம் கலக்கிக்கிட்டு திரும்ப வரும், அது ஃபோர்ஷேடோயிங், பின்னாடி வரப்போறதுக்கு முன்கூட்டியே குறிப்பு காட்டுறது.

ஸ்டெப் 5: ரெண்டு முடிவையும் படிங்க

டிக்கன்ஸ் முதல்ல எழுதுன முடிவுல பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் பிக்கடில்லி தெருவுல கொஞ்ச நேரம் பாத்துட்டுப் பிரிஞ்சுடுவாங்க, நாவலாசிரியர் நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதுக்கு அப்புறம்தான் மிஸ் ஹாவிஷமோட இடிஞ்ச வீட்டுத் தோட்டத்துல கைகோத்து வெளிய வர்ற மாதிரி மாத்துனாரு. நல்ல பதிப்புல பின்னிணைப்பா பழசும் இருக்கும். எது உசத்தின்னு நோட்ஸைப் பாத்து முடிவு பண்ணாம ஸ்டெப் 4ல போட்ட கோடுகளை வச்சு யோசிங்க, ஏன்னா பழைய முடிவுலயும் எஸ்டெல்லா தானா முன்வந்து பிப்கூட கை குலுக்கத்தான் கேக்கிறா. எனக்கு அந்தப் பழைய முடிவுதான் சரின்னு படுது, அந்தக் கையை இகழ்ந்தவளே கேட்டு வாங்கிக்கிறா, அதுக்கு மேல அவங்க சேரணும்னு அவசியமில்ல.